தைராய்டு மாத்திரை 75-லிருந்து 100 ஆனதும் அம்மாவுக்குப் படபடப்பு: நிறுத்தலாமா, பொறுக்கலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு 61 வயது, எடை 58 கிலோ. பல வருடமாகத் தைராய்டு குறைவு, தினமும் 75 மைக்ரோகிராம் மாத்திரை. போன பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது ஏறும்) 11 என்று வந்ததால் டாக்டர் 100 ஆக்கிவிட்டார். மூன்று வாரம் ஆகிறது. இப்போது நெஞ்சுப் படபடப்பு, விரல் நடுக்கம், இராத்திரி இரண்டு மணிக்கே விழிப்பு, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தாலும் வியர்வை, சீப்பு நிறைய முடி. பக்கத்து வீட்டு அக்கா "மாத்திரையை நிறுத்திப் பாருங்க" என்கிறார். சித்தி "உடம்பு பழகுற வரைக்கும் பொறுத்துக்கோ" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி.

இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். இந்த வாரமே டாக்டரிடம் பேசுங்கள். என்ன பேச வேண்டும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். மருந்துச் சீட்டில் இருப்பதற்கும் வீட்டில் நடப்பதற்கும் உள்ள தூரத்தைக் கவுன்ட்டரில் தினமும் பார்க்கிற ஆள்.

உங்கள் கேள்வியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அம்மா இத்தனை நாள் காலை ஐந்தரை மணி காபியோடு தைராய்டு மாத்திரை, கால்சியம் மாத்திரை, வாயு மாத்திரை எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே வாயில் போட்டுக்கொண்டிருந்தார், டோஸ் கூட்டியதும் நீங்கள் ஊருக்குப் போய், வெறும் வயிற்றில் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துக் காபி, கால்சியம் இராத்திரிக்கு என்று ஒழுங்குபடுத்திவிட்டு வந்தீர்கள். நீங்கள் செய்தது சரியான காரியம். ஆனால் படபடப்புக்குக் காரணமும் அனேகமாக அங்கேதான் இருக்கிறது.

அம்மாவின் தைராய்டு மாத்திரையில் இருக்கும் மருந்து லெவோதைராக்சின். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கினால் அதில் 60 முதல் 80 சதவீதம் வரை இரத்தத்தில் சேரும். காபியோடு போட்டால் அது குறையும். இத்தாலிய மருத்துவர்கள் 2008-ல் இதைச் சோதித்தே காட்டினார்கள். கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் இன்னும் மோசம். குடலிலேயே இந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் அவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி சொல்கிறோம். அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் வகை மாத்திரையும் தன் பங்குக்குக் கொஞ்சம் குறைக்கும். ஆகவே அம்மா 75 சாப்பிட்டாரே தவிர, 75-க்கு உரியது உடம்புக்குள் போகவில்லை. டி.எஸ்.எச். ஏறியது. டாக்டருக்குத் தெரிந்தது அந்த எண் மட்டும்தான். அதைப் பார்த்து 25 கூட்டினார். அதே சமயத்தில் நீங்கள் பழக்கத்தைச் சரிசெய்தீர்கள். சீட்டில் ஏறியது 25. உடம்புக்குள் ஏறியது அதைவிட அதிகம். அவர் ஒரு பக்கம் கூட்ட, நீங்கள் இன்னொரு பக்கம் கூட்டியிருக்கிறீர்கள். இரண்டாவது கூட்டல் நடந்ததே டாக்டருக்குத் தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தைராய்டு சுரப்பி கிட்டத்தட்ட வேலையே செய்யாத ஒரு பெரியவருக்கு, ஒரு கிலோ எடைக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது முழு டோஸ். 58 கிலோவுக்கு அது 93 வருகிறது. அம்மாவுக்குச் சுரப்பி கொஞ்சமாவது வேலை செய்துகொண்டிருந்தால், ஒழுங்காகச் சாப்பிடும் 100 அவருக்குத் தூக்கலாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. வயது ஏற ஏறத் தேவையும் குறையும். ஒருவேளை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் பழைய 75-ஏ போதுமாக இருந்திருக்கலாம். முடிவு டாக்டருடையது. ஆனால் இந்தக் கதையைச் சொல்லாவிட்டால் அவர் எப்படி முடிவெடுப்பார்? போனில் பேசினாலும் நேரில் போனாலும் முதல் வாக்கியமே இதுவாக இருக்கட்டும்: "முன்னாடி காபியோடும் கால்சியத்தோடும் போட்டாங்க, டோஸ் கூட்டின வாரத்துலேர்ந்து வெறும் வயித்துல போடுறாங்க." படபடப்பு, நடுக்கம் எல்லாம் இரண்டாவது வாக்கியம். பெரும்பாலும் நாம் இதைத் தலைகீழாகச் சொல்வோம், முதல் வாக்கியம் வருவதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

மூன்று வாரம் என்பதற்கும் அர்த்தம் உண்டு. இந்த மருந்து இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். அதனால் டோஸை மாற்றினால் புது நிலைக்குப் போய்ச் சேர ஐந்தாறு வாரம் பிடிக்கும்: முதல் வாரக் கடைசியில் பாதி உயர்வு, மூன்றாவது வாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவு. டோஸ் மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். பார்க்கச் சொல்வது இதனால்தான். அந்தக் காத்திருப்பு, உடம்பு சும்மா இருக்கும்போது சரி. 61 வயதில் நெஞ்சு படபடக்கும்போது ஆறு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு இ.சி.ஜி.யும், டி.எஸ்.எச்.சோடு ஃப்ரீ டி4-உம் (இரத்தத்தில் ஓடும் தைராய்டு ஹார்மோனின் அளவு) இப்போதே பார்க்கலாமா என்று கேளுங்கள். டி.எஸ்.எச். மெதுவாக நகரும் எண். மூன்றாவது வாரத்தில் அதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஃப்ரீ டி4 இன்றைய நிலவரத்தைச் சொல்லும்.

சித்தி சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பல மாதம் தைராய்டு குறைந்து, நாடி மந்தமாகி, உடம்பு அந்த மந்தத்துக்கே பழகிப்போனவர்களுக்கு, சரியான அளவு கிடைத்ததும் முதல் இரண்டு வாரம் இதயம் ஓடுவதுபோலத் தோன்றும். அது இலேசாக இருந்து, வாரத்துக்கு வாரம் குறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு நாளாக ஆக அதிகமாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், கூடவே நடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும். அது பழகுகிற ஜாதி இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா சொல்லும் வழி எப்படிப் போகும் என்பதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். மாத்திரையை நிறுத்துவார்கள். மறுநாள் ஒன்றும் மாறாது, ஏனென்றால் ஏற்கெனவே உள்ளே போனது அப்படியே இருக்கிறது. பத்துப் பதினைந்து நாளில் படபடப்பு அடங்கும், நன்றாகத் தூக்கம் வரும். "பார்த்தியா, எல்லாம் அந்த மாத்திரையால வந்த வினை" என்று பாட்டிலைப் பரணில் போட்டுவிடுவார்கள். சில மாதம் கழித்து முகம் வீங்கி, மலச்சிக்கலோடு, படி ஏற முடியாமல் திரும்பி வருவார்கள். அப்போது டி.எஸ்.எச். ஐம்பதைத் தாண்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அதற்காக ஒரு நாள் விட்டால் உயிர் போய்விடும் என்ற பயமும் வேண்டாம். டாக்டரே "ரெண்டு நாள் விட்டுட்டு 75-க்கு வாங்க" என்று சொல்லக்கூடும். ஏழு நாள் கணக்கால் அதில் ஆபத்து இல்லை. அவர் சொல்லி விடுவது வேறு, நாமாக விடுவது வேறு.

காத்திருக்காமல் கிளம்ப வேண்டிய சமயங்கள் உண்டு. நெஞ்சில் வலியோ இறுக்கமோ, மூச்சு வாங்குவது, மயக்கம், நாடி தாறுமாறாக அடித்துக்கொண்டே இருப்பது, ஒரு பக்கம் கை கால் பலமிழப்பது, பேச்சு குழறுவது: இவற்றில் எது வந்தாலும் 108. தைராய்டு ஹார்மோன் அதிகமானால், வயதானவர்களுக்கு இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கிற கோளாறு வரும். அதனால் இரத்தக்கட்டி உண்டாகிப் பக்கவாதம் வரை போகலாம். நான் இ.சி.ஜி.யை வலியுறுத்துவது இதற்காகத்தான்.

நாடி பார்ப்பதை நீங்களே போனில் சொல்லிக்கொடுக்கலாம். காலையில் கண் விழித்து, எழுந்திருக்கும் முன், படுத்தபடியே, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது வேண்டாம். தாளம் தப்புகிறதா என்பது ஒரு நிமிடம் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். வீட்டில் பி.பி. மிஷின் இருந்தால் அதில் மூன்றாவதாக வரும் எண் நாடித்துடிப்பு. 60 முதல் 100 வரை சாதாரணம். சும்மா படுத்திருக்கும்போதே 100-க்கு மேல் இருந்தால் அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள். தினமும் காலண்டர் தாளில் அந்த நாளின் கட்டத்துக்குள் எண்ணைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். "படபடன்னு இருக்கு டாக்டர்" என்பதைவிட "காலைல 84 இருந்தது, இப்போ 96" என்பது அவருக்கு நிறையச் சொல்லும்.

டாக்டரைப் பார்க்கும் வரை சிரமத்தைக் குறைக்கச் சில வழிகள். மதியத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். காலைக் காபியும் பாதி டம்ளர் போதும். ஏற்கெனவே ஓடுகிற இதயத்தைக் காபி இன்னும் விரட்டும். சளிக்குக் கடையில் கேட்டு வாங்கும் கூட்டு மாத்திரைகளில் மூக்கடைப்பை நீக்கும் ஃபினைலெஃப்ரின் போன்ற மருந்து இருக்கும், அதுவும் படபடப்பைக் கூட்டும். வயிறு இளகிப் போனால் உப்புப் போட்ட மோர், தண்ணீர். இரண்டு மணிக்கு விழித்தால் படுக்கையில் புரளாமல் எழுந்து வேறு இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரட்டும். போனை எடுக்க வேண்டாம். படபடப்பை அடக்க டாக்டர் சில நாளுக்கு புரோப்ரனோலால் வகை மாத்திரை எழுதலாம். அதைத் தெரிந்தவர் வீட்டிலிருந்து வாங்கிப் போடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சை இறுக்கிவிடும். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் டோஸ் மாறியதில் சர்க்கரை அளவும் மாறியிருக்கலாம். இரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்றால் இரத்தம் உறையும் அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முடி விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு 100-ஐத் திட்ட வேண்டாம். உடம்புக்கு ஒரு அதிர்ச்சி வந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொட்டும். இன்று சீப்பில் வருவது, டி.எஸ்.எச். 11-ஐ நோக்கி ஏறிக்கொண்டிருந்த நாட்களின் பாக்கி. இங்கே ஒரு பொறி இருக்கிறது. முடிக்கு என்று விற்கிற மாத்திரைகளிலும், கலர் கலராக வரும் மிட்டாய் போன்ற கம்மிகளிலும் பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கும். உடம்புக்கு அதனால் கெடுதல் இல்லை, ஆனால் பல ஆய்வகங்களின் தைராய்டுப் பரிசோதனை முறையை அது குழப்பிவிடும்: டி4 பொய்யாக அதிகமாகவும் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைவாகவும் காட்டும். அந்த ரிப்போர்ட்டை நம்பி டோஸைக் குறைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அம்மா அப்படி ஏதாவது சாப்பிடுகிறார் என்றால், இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு, டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

இப்போது அம்மாவை வீடியோ காலில் கூப்பிட்டு, மாத்திரைப் பாட்டில்களை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. இந்த மாத்திரை நூறு, நூற்றிருபது என்று பாட்டிலாகவே வருவதால், டோஸ் மாறும்போது பழைய பாட்டில் பாதியில் நிற்கும். தூக்கிப்போட மனசு வராது. பழைய 75-ஐயும் புது 100-ஐயும் சேர்த்துப் போட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்; "கூட்டியிருக்கார்னுதானே சொன்னாங்க" என்பார்கள். அதைவிட ஆபத்தானது புள்ளி. 12.5 என்றும் ஒரு மாத்திரை இருக்கிறது, 125 என்றும் இருக்கிறது. வேகமாக எழுதிய சீட்டில் அந்தப் புள்ளி காணாமல் போனால் பத்து மடங்கு. பாட்டில் மேலே உள்ள எண்ணை எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள். பாட்டில் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். அடுப்பு மேடை, ஃபிரிட்ஜின் தலை, வெயில் விழும் ஜன்னல் இதெல்லாம் ஆகாது. சூடும் ஈரமும் வெளிச்சமும் இந்த மருந்தைக் கெடுக்கும். உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தையும் எடுத்து எறியக் கூடாது.

பக்கவிளைவு என்ற பேச்சு வந்தாலே சிலர் "இந்த மருந்து எனக்கு ஒத்துக்கலை" என்பார்கள். லெவோதைராக்சின் நம் கழுத்துச் சுரப்பி சுரக்கிற தைராக்சினேதான். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டால் 1914-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று பிரித்தெடுத்த அதே பொருள், இப்போது ஆலையில் தயாராகிறது. அதனால் அது ஒத்துக்கொள்ளாமல் போவது மிக அபூர்வம். வருகிற தொல்லை பெரும்பாலும் அளவு கூடியதாலோ குறைந்ததாலோதான். மாத்திரையில் சேர்க்கும் மற்ற பொருள்கள் மாறினாலும் சிலருக்குத் தொல்லை வரும். 2017-ல் பிரான்சில் மெர்க் நிறுவனம் தன் லெவோதைராக்ஸ் மாத்திரையில் லாக்டோஸுக்குப் பதிலாக மானிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தது. சீட்டில் டோஸ் மாறவில்லை. ஆனாலும் களைப்பு, தலைவலி, தூக்கமின்மை, முடி உதிர்வு என்று ஆயிரக்கணக்கில் புகார் குவிந்து, அதே வருடம் பழைய வகையை மீண்டும் வரவழைக்க வேண்டியதாயிற்று. இங்கே நமக்குப் பயன்படும் பாடம் சின்னது: டோஸ் மாறியபோது பிராண்டும் மாறியதா என்று பாருங்கள். எல்ட்ராக்சின், தைரோநார்ம், தைராக்ஸ் எல்லாவற்றிலும் மருந்து ஒன்றுதான். ஆனால் ஒன்றில் நிலைத்துவிட்டால் அதிலேயே இருப்பது நல்லது. கடையில் "அதே கம்பெனி இல்லை, இது அதேதான்" என்று நீட்டினால், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரலாம். மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஆறு வாரத்தில் ஒரு டி.எஸ்.எச். பாருங்கள்.

டாக்டர் குறைத்தால் பெரும்பாலும் 75-க்கோ, இடையில் உள்ள 88-க்கோ வருவார். சிலர் ஒரு நாள் 75, ஒரு நாள் 100 என்று எழுதுவார்கள். நீண்ட நாள் நிற்கிற மருந்து என்பதால் அதுவும் சரிதான், காலண்டரில் குறித்துக்கொண்டால் குழப்பம் இல்லை. குறைத்த மறுநாளே படபடப்பு அடங்கவில்லை என்று அம்மா கவலைப்படுவார். அடங்க ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எலும்புக்கும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது: மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த ஹார்மோன் நெடுநாள் அதிகமாகவே இருந்தால் எலும்பு தேயும். எலும்புக்காகக் கால்சியம் சாப்பிட்டுக்கொண்டே இன்னொரு கையால் அதைக் கரைக்க வேண்டாமே.

பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்தரை மணிக் காபி இல்லாமல் அம்மாவுக்குப் பொழுது விடியாது என்று எழுதியிருந்தீர்கள். அதற்காகச் சண்டை வேண்டாம். இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது மாத்திரையைப் போடலாம். அது காலை வெறும் வயிற்றுக்கு ஈடாகவே வேலை செய்யும். அப்போது கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடு மாற்றிவிடுங்கள். காலையோ இரவோ, ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதையே பிடித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் ஊருக்கு வரும்போது ஒழுங்காகவும், கிளம்பிய பிறகு காபியோடும் என்று மாறி மாறிப் போனால் எந்த டாக்டராலும் டோஸை நிறுத்திப் பிடிக்க முடியாது. மாற்றுவதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள், ஏனென்றால் இந்த முறை நடந்த குழப்பமே சொல்லாமல் மாற்றியதில் வந்ததுதான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: தைராய்டு அதிகமாகி கார்பிமசோல் சாப்பிடுகிறவர்களுக்கு மேலே எழுதியது பொருந்தாது. அந்த மருந்தில் காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் வந்தால் மாத்திரையை நிறுத்தி, அன்றே இரத்த வெள்ளணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அது சாதாரணச் சளி என்று வீட்டில் உட்காரக் கூடாது.

முட்டைக்கோஸ், காலிஃபிளவரை நிறுத்தணுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். வேகவைத்துச் சாப்பிடுகிற அளவில் மாத்திரை எடுப்பவருக்கு அது ஒன்றும் செய்யாது. சோயா மட்டும் மாத்திரை உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் என்பதால் மாத்திரை நேரத்திலிருந்து தள்ளி வைத்தால் போதும். இரத்தம் கொடுக்கும் அன்று, போன தடவை கொடுத்த அதே ஆய்வகத்துக்கு, காலையில், மாத்திரை போடுவதற்கு முன்பே போகச் சொல்லுங்கள். மாத்திரை போட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் ஃப்ரீ டி4 எடுத்தால் அது சற்றுத் தூக்கலாகக் காட்டும். மாத்திரையைக் கைப்பையில் எடுத்துப் போய், இரத்தம் கொடுத்ததும் போட்டுக்கொள்ளலாம். காபி, அதற்கு ஒரு மணி நேரம் கழித்து.